பெயரை மாற்றிக்கொண்ட பெருநாட்கள்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மவர்களில் பலர் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். ஏப்ரல் மாதக் கடைசி வந்துவிட்டால் தோக்கியோவுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே வராது. கேட்டால், "அங்கே கோல்டன் வீக், எல்லாரும் லீவு" என்பார்கள். அந்த விடுமுறை வரிசையின் முதல் நாள் ஏப்ரல் 29. இந்தத் தேதியை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியப்பா. அவர் எந்த ஜப்பானிய நிறுவனத்திலும் வேலை பார்த்தவர் அல்லர். சப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர், அவ்வளவுதான்.

1989 ஜனவரி 7ஆம் தேதி ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹித்தோ தமது 87ஆவது வயதில் காலமானார். மறுநாள் நாளிதழைப் படித்துவிட்டுப் பெரியப்பா, "அந்த ராசா போயிட்டாராம்டா. இனிமே ஏப்ரல் இருபத்தொன்பது கிடையாது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். 1943இல் அந்த நாளன்று பிள்ளைகளையெல்லாம் பள்ளித் திடலில் வரிசையாக நிறுத்தி, வடகிழக்குத் திசையைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட வைத்தார்களாம். அந்தத் திசையில் தோக்கியோவின் அரண்மனை. 'கிமிகாயோ' பாட்டைப் பொருள் தெரியாமலேயே பாடினார்களாம். அன்று ஹிரோஹித்தோவின் பிறந்தநாள். அதற்கு ஜப்பானிய மொழியில் 'டென்ச்சோசெட்சு' என்று பெயர். முதியவரான பிறகும் அந்தச் சொல் அவர் நாக்கில் பிசகாமல் வரும்.

பெரியப்பாவின் கணக்கு தவறிப்போயிற்று. ஏப்ரல் 29 அதன் பிறகும் விடுமுறையாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. பெயர்தான் இரண்டு முறை மாறியது. இதைத் தேடிப் போனபோதுதான், ஜப்பானியர்களின் தேசிய விடுமுறைகளில் கணிசமானவை இப்படித்தான் என்று தெரிந்தது. தேதி பழையது, பெயர் புதியது. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

போருக்கு முந்திய ஜப்பானில் நான்கு பெருநாட்கள் மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்தவை. புத்தாண்டு நாள், பிப்ரவரி 11இல் 'கிகென்செட்சு' என்னும் அரச மரபு தோன்றிய நாள், ஏப்ரல் 29இல் ஆட்சியிலிருக்கும் பேரரசரின் பிறந்தநாள், நவம்பர் 3இல் மறைந்த மெய்ஜி பேரரசரின் பிறந்தநாள். அந்நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், ஆனால் பாடம் கிடையாது. பேரரசரின் படத்துக்கு வணக்கம், 1890இல் வெளியான கல்வி பற்றிய அரச ஆணையைத் தலைமையாசிரியர் படிப்பது, பிறகு பாட்டு. பெரியப்பா நம் மண்ணில் கண்டது இதன் ஒரு நகல்தான்.

இந்த விழாக்கள் ஆதிகாலத்திலிருந்து வருபவை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. 1873ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஜப்பான் தன் பழைய சந்திர நாட்காட்டியைக் கைவிட்டு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. புதிய மெய்ஜி அரசு, புதிய நாட்காட்டியில் எவையெவை விழா என்று அந்த ஆண்டிலேயே ஆணை போட்டது. மக்கள் ஊர்தோறும் கொண்டாடி வந்த பருவ விழாக்கள் அந்தப் பட்டியலில் இடம் பெறவில்லை. அரண்மனையின் சடங்குகள் நாட்டின் விழாக்களாயின. பேரரசரை மையமாக வைத்து ஒரு தேசத்தைக் கட்டும் வேலைக்கு நாட்காட்டியும் ஒரு கருவி.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. அமெரிக்கர் தலைமையிலான நேசப்படை ஆட்சி வந்தது. மதத்தையும் அரசையும் பிரிக்கச் சொன்னார்கள். ஷிந்தோ சடங்குகளோடு ஒட்டியிருந்த விழாக்கள் என்னவாவது? 1948 ஜூலை 20ஆம் தேதி புதிய விடுமுறைச் சட்டம் வந்தது. மக்கள் ஒன்றாகக் கொண்டாடவும், நன்றி சொல்லவும், நினைவுகூரவும் உரிய நாட்கள் இவை என்று அது சொன்னது. மொத்தம் ஒன்பது நாட்கள். அந்த ஒன்பதையும் பழைய பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நவம்பர் 23 அன்று பேரரசர் புத்தரிசியைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தாமும் உண்ணும் 'நீனாமேசாய்' என்னும் அறுவடைச் சடங்கு நடந்து வந்தது. புதிய சட்டத்தில் அந்த நாளின் பெயர் 'உழைப்புக்கு நன்றி கூறும் நாள்'. உழைப்பை மதித்து மக்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதற்காம். பேரரசர், நெல், தெய்வம் மூன்றும் சட்டத்திலிருந்து போய்விட்டன. ஆனால் அரண்மனையில் அந்தச் சடங்கு நிற்கவில்லை. இன்றும் நவம்பர் 23 மாலை தொடங்கி மறுநாள் விடியலுக்கு முன்புவரை பேரரசர் அதைச் செய்கிறார். வெளியே ஊழியர்களுக்கு விடுமுறை, உள்ளே அறுவடைப் படையல். ஒரே நாளுக்கு இரண்டு வாழ்க்கை.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலும் இரவும் சமமாகும் இரு நாட்களும் அப்படியே. மெய்ஜி காலத்தில் அவை அரச மூதாதையரை வணங்கும் நாட்கள். இப்போது வசந்தத்தில் வருவது இயற்கையைப் போற்றும் நாள், மற்றது முன்னோரை நினைக்கும் நாள். பொதுமக்களோ எந்தச் சட்டமும் சொல்லாமலே நெடுங்காலமாக அந்நாட்களில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றி, ஊதுவத்தி கொளுத்தி வருகிறவர்கள். அரசு எந்தப் பெயர் வைத்தாலும் அவர்கள் போகிற இடம் மாறவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த இரண்டு நாட்களின் தேதி சட்டத்தில் இல்லை. வானியலாளர்கள் கணித்து, முந்திய ஆண்டு பிப்ரவரியில் அரசிதழில் அறிவிக்கிறார்கள்.

நவம்பர் 3இன் கதை இன்னும் சுவையானது. 1946இல் ஜப்பானின் புதிய அரசியலமைப்பு வெளியிடப்பட்டது அந்த நாளில்தான். அதாவது மெய்ஜி பேரரசரின் பிறந்தநாளில். இறையாண்மை மக்களுடையது, போர் இனி இல்லை என்று அறிவித்த சட்டத்தை, பேரரசர் ஆட்சியை நிலைநாட்டியவரின் பிறந்தநாளில் வெளியிட்டார்கள்! ஆறு மாதம் கழித்து 1947 மே 3இல் அது நடப்புக்கு வந்தது. நவம்பர் 3ஐ அரசியலமைப்பு நாளாக்க வேண்டும் என்று மேலவையின் பண்பாட்டுக் குழுத் தலைவராக இருந்த எழுத்தாளர் யமமோத்தோ யூஸோ போராடினார். நேசப்படை நிர்வாகம் இணங்கவில்லை. மே 3 அரசியலமைப்பு நாளாயிற்று. நவம்பர் 3 'பண்பாட்டு நாள்' என்ற பெயரோடு பிழைத்துக்கொண்டது. சுதந்திரத்தையும் அமைதியையும் நேசித்துப் பண்பாட்டை வளர்க்கும் நாள் என்கிறது சட்டம். மெய்ஜி என்ற பெயர் அதில் எங்குமே இல்லை.

எல்லாப் பேரரசர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மெய்ஜிக்கும் ஹிரோஹித்தோவுக்கும் நடுவில் தைஷோ பேரரசர் ஒருவர் இருந்தார். அவர் பிறந்தது ஆகஸ்டு 31. ஆம், நம் மெர்டேக்கா தேதியேதான். 1926இல் அவர் மறைந்த பிறகு அந்த நாளை விடுமுறையாக வைத்துக்கொள்ள யாரும் பெரிதாக முயலவில்லை. ஆகவே எந்த நாள் நாட்காட்டியில் நிற்கிறது என்பது, எந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இனி பிப்ரவரி 11. இதுதான் பெரிய தகராறு.

கி.பி. 720இல் எழுதி முடிக்கப்பட்ட 'நிஹோன் ஷோக்கி' என்னும் பழைய நூல், முதல் பேரரசர் ஜிம்மு அரியணை ஏறிய கதையைச் சொல்கிறது. அதன் கணக்கைப் புதிய நாட்காட்டிக்கு மாற்றி, கி.மு. 660 பிப்ரவரி 11 என்று மெய்ஜி அரசு முடிவு செய்தது. ஜிம்மு உண்மையில் இருந்தாரா என்பதற்கே சான்று இல்லை. ஆனாலும் அந்த ஆண்டை முதலாகக் கொண்டு ஓர் ஆண்டுக் கணக்கே நடந்தது. 1940 அந்தக் கணக்கில் 2600. நாடெங்கும் மாபெரும் விழா எடுத்தார்கள். அந்த ஆண்டு படையில் சேர்ந்த போர் விமானத்துக்கு, 2600இன் கடைசி எண்ணை வைத்துப் 'பூஜ்யம்' என்று பெயரிட்டார்கள். உலகம் அறிந்த 'ஜீரோ' விமானம் அதுதான்.

இந்த 2600 கணக்கு நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரசுத் தாள்களில் 1942க்குப் பதில் 2602 என்று எழுதினார்கள். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். என் அத்தை பிறந்தது 1943. அவருடைய பிறப்புப் பத்திரத்தில் 2603 என்று இருந்தது. அதை நீட்டிய இடத்திலெல்லாம் குமாஸ்தாக்கள் ஒருமுறை தாளையும் ஒருமுறை அத்தையையும் பார்ப்பார்கள். "இன்னும் அறுநூறு வருசம் கழிச்சுத்தான் நான் பொறக்கணும்" என்று அத்தை சிரிப்பார்.

சிங்கப்பூரையே பிப்ரவரி 11க்குள் பிடித்து, கிகென்செட்சுப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பது ஜப்பானியப் படையின் ஆசை. 1942இல் அதே நாளில்தான் ஜெனரல் யமாஷித்தா, சரணடையும்படி பெர்சிவலுக்கு எழுதிய கடிதத்தை விமானத்திலிருந்து போட வைத்தார். பெர்சிவல் பணியவில்லை. நான்கு நாள் தள்ளி, 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டின் முதல் நாளில் சிங்கப்பூர் விழுந்தது. 'ஷோனான்' என்று பெயர் மாற்றினார்கள். ஹிரோஹித்தோவின் ஆட்சிக்காலப் பெயர் 'ஷோவா'. அதன் முதல் எழுத்தும் தெற்கு என்ற எழுத்தும் சேர்ந்தது ஷோனான்.

இத்தனை சுமையோடு இருந்த நாளை 1948இல் நேசப்படை நிர்வாகம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஜப்பானிய அரசு 'நாடு நிறுவிய நாள்' என்று பெயர் மாற்றிக் கேட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை. ஆக்கிரமிப்பு 1952இல் முடிந்தது. 1957 தொடங்கி, அதைத் திரும்பக் கொண்டுவரும் மசோதாக்கள் வந்து வந்து தோற்றன. எதிர்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹிரோஹித்தோவின் சொந்தத் தம்பி, மிக்காசா இளவரசர். அவர் பண்டைய மேற்காசிய வரலாற்றைக் கற்றவர். போரின்போது ராணுவ அதிகாரியாகச் சீனாவில் இருந்தவர். ஆதாரமில்லாத ஒரு தேதியை வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்ணால் கண்டவர். தம் மூதாதையின் நாளையே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவர் பெயரை நம் பிள்ளைகளுக்கும் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

கடைசியில் 1966இல் சட்டம் நிறைவேறியது. அதிலும் ஒரு சமரசம். தேதியைச் சட்டத்தில் எழுதாமல் அமைச்சரவையின் முடிவுக்கு விட்டார்கள். ஒரு குழு அமைந்து, சில மாதம் கருத்துக் கேட்டு, அதே பிப்ரவரி 11ஐச் சொன்னது. பெயரிலும் 'நோ' என்ற ஓர் எழுத்தைச் சொருகினார்கள். தமிழில் சொல்வதானால் அது நம் வேற்றுமை உருபு மாதிரி. அது இல்லாவிட்டால், நாடு நிறுவப்பட்ட நாள் இதுதான் என்று பொருளாகிவிடும். அதைச் சேர்த்ததால், நாடு நிறுவப்பட்டதை நினைவுகூரும் ஒரு நாள் என்றாகிறது. அது என்று நிறுவப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம். ஓர் எழுத்தில் எவ்வளவு அரசியல் பாருங்கள்.

டிசம்பர் 23ஐயும் சொல்லிவிடுகிறேன். ஹிரோஹித்தோவின் மகன் அக்கிஹித்தோ அந்தத் தேதியில் பிறந்தவர். 1989 முதல் 2018 வரை அது பேரரசர் பிறந்தநாள் விடுமுறை. அதே டிசம்பர் 23இல்தான், 1948இல், முன்னாள் பிரதமர் தோஜோ உட்பட ஏழு பேர் போர்க் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். பட்டத்து இளவரசருக்கு அன்று வயது 15. தோஜோ குழுவினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டதோ 1946 ஏப்ரல் 29. தந்தையின் பிறந்தநாளில் குற்றச்சாட்டு, மகனின் பிறந்தநாளில் தண்டனை. தற்செயலா, திட்டமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அக்கிஹித்தோ 2019இல் பதவி துறந்தார். மகன் நருஹித்தோவின் பிறந்தநாளான பிப்ரவரி 23 அடுத்த ஆண்டு முதல் விடுமுறையாயிற்று. டிசம்பர் 23 வேலை நாளாகிவிட்டது.

எல்லாமே அரண்மனை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். போரில் நொந்த சாதாரண மக்கள் தாமே உண்டாக்கிய நாட்களும் உண்டு. தோக்கியோவுக்கு வடக்கே வாராபி என்ற சிற்றூரில், 1946 நவம்பரில், தோல்வியில் துவண்டு கிடந்த இளையோருக்குத் தெம்பூட்ட ஒரு விழா எடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஜனவரியில் வரும் வயதுக்கு வந்தோர் நாள். பெண்கள் நீளக்கை கிமோனோ உடுத்திக் கூட்டமாகப் போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2022இல் சட்டப்படி வயது வரம்பு 20இலிருந்து 18ஆகக் குறைந்தது. என்றாலும் பெரும்பாலான ஊர்களில் விழா இன்னும் இருபது வயதினருக்குத்தான். பதினெட்டில் தேர்வுக் கவலை, விழாவுக்கு ஏது மனம்?

முதியோரை மதிக்கும் நாளும் ஹ்யோகோ மாநிலத்தின் ஒரு மலைக் கிராமத்தில் 1947இல் தொடங்கியது. 1966இல் தேசிய விடுமுறையாயிற்று. அதையொட்டி, நூறு வயதை எட்டுவோருக்கு அரசு வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கிறது. இந்த வழக்கம் தொடங்கிய 1963இல் நாடு முழுவதும் நூறு வயதைத் தாண்டியவர்கள் 153 பேர். 2025இல் அந்தத் தொகை 99,763. செலவு தாங்காமல் 2016 முதல் அசல் வெள்ளிக்குப் பதில் வெள்ளி முலாம் பூசிய கிண்ணம். மே 5 சிறுவர் நாளில் வீட்டு மாடிகளில் துணிக் கெண்டை மீன்கள் பறக்கும். அது முன்பு ஆண் பிள்ளைகளின் விழா. புதிய சட்டம் அதை எல்லாப் பிள்ளைகளுக்குமாக்கி, தாய்மாருக்கு நன்றி சொல்லவும் சேர்த்துக்கொண்டது.

அக்டோபரில் வரும் விளையாட்டு நாள் 1964 தோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய நாளை ஒட்டியது. ஜூலையில் வரும் கடல் நாளுக்குப் பின்னால் மறுபடியும் மெய்ஜி. 1876இல் அவர் வடபகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'மெய்ஜி மாரு' கப்பலில் ஜூலை 20ஆம் தேதி யோக்கஹாமா திரும்பினார். அதை வைத்து 1941இல், போர் மூளவிருந்த நேரத்தில், கடல் நினைவு நாள் ஏற்படுத்தினார்கள். 1996இல் அது விடுமுறையானது. கடலின் கொடைக்கு நன்றி சொல்லும் நாள் என்று சட்டம் சொல்கிறது. 2003 முதல் நீண்ட வார விடுமுறைக்காக மூன்றாம் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். சுற்றுலாத் துறைக்கு வசதி. கப்பல் எந்தத் தேதியில் வந்தது என்பது இப்போது யாருக்கும் கவலையில்லை.

சரி, ஏப்ரல் 29க்கு வருவோம். 1989இல் ஹிரோஹித்தோ மறைந்ததும் சட்டத்தைத் திருத்தி, அந்த நாளைப் 'பசுமை நாள்' என்றார்கள். அவர் கடல் உயிரியலில் ஆய்வு செய்தவர், செடிகொடிகளை நேசித்தவர், அதனால் பசுமையாம். ஏப்ரல் 29ஐ எடுத்தால் கோல்டன் வீக்கின் தலையே போய்விடும் என்பதும் ஒரு காரணம். அந்தப் பெயரே 1950களில் திரைப்படத் துறையினர் வசூலுக்காகச் சூட்டியது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம் இன்றும் செய்திகளில் அதைத் தவிர்த்து, 'பெரிய தொடர் விடுமுறை' என்றே சொல்கிறது.

மரம் நடும் பெயரில் பேரரசரை ஒளித்து வைப்பானேன், நேரடியாக அவர் காலத்தின் பெயரையே வைக்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள். 2000ஆம் ஆண்டு மசோதா வந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரதமர் மோரி, ஜப்பான் பேரரசரை மையமாகக் கொண்ட தெய்வ நாடு என்று பேசிவிட, பெரும் கண்டனம் எழுந்து மசோதா கிடப்பில் போனது. 2005இல் நிறைவேறி, 2007 முதல் ஏப்ரல் 29 'ஷோவா நாள்' ஆயிற்று. பசுமை நாள் மே 4க்குக் குடிபெயர்ந்தது. கொந்தளிப்பான நாட்களைக் கடந்து நாடு மீண்டெழுந்த ஷோவா காலத்தைத் திரும்பிப் பார்த்து, நாட்டின் எதிர்காலத்தை எண்ணும் நாள் என்பது சட்டத்தின் கருத்து.

கொந்தளிப்பான நாட்கள். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும்? மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு வீங்கியவர்கள், தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத பல்லாயிரம் பேர், வாழைமர நோட்டைக் கட்டிக் கட்டி வைத்துப் போர் முடிந்ததும் குப்பையில் கொட்டியவர்கள், இவர்களெல்லாம் வாழ்ந்ததும் ஷோவா காலம்தான். 62 ஆண்டு நீண்ட அந்தக் காலத்தில் இருபது ஆண்டு போரை நோக்கிப் போனதும் போரும், மிச்சம் உழைப்பும் வளர்ச்சியும். எதைத் திரும்பிப் பார்ப்பது என்பதை அவரவரிடம் விட்டுவிட்டது சட்டம். ஜப்பானிலேயே அன்று ஒரு பக்கம் அந்தக் காலத்தைப் போற்றும் கூட்டமும், இன்னொரு பக்கம் போர்ப் பொறுப்பைப் பற்றிய கூட்டமும் நடப்பதுண்டு. பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் போகாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். பெரியப்பா 2003இல் போய்ச் சேர்ந்தார். பசுமை நாள் என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். "பச்சையா? அன்னைக்குத் திடல்ல ஒரு புல்லுகூட இல்லையேடா" என்றார்.

கடைசியாக ஒன்று. 2016 முதல் ஆகஸ்டு 11 'மலை நாள்'. முதலில் 12ஆம் தேதி என்றுதான் பேச்சு. 1985இல் அதே தேதியில் ஒரு விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள் என்பதால், அந்தக் குடும்பங்களை எண்ணி ஒருநாள் முன்னால் வைத்தார்கள். ஒரு தேதிக்குள் இருக்கும் துயரத்தை இவ்வளவு நுணுக்கமாக மதிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அதற்கு நான்கு நாள் கழித்து ஆகஸ்டு 15, போர் முடிந்த நாள். அப்போது 'ஓபோன்' என்னும் முன்னோர் வழிபாட்டுக்காக மக்கள் சொந்த ஊரில் இருப்பார்கள். ஓபோனும் சட்டப்படி விடுமுறை அல்ல, விடுப்பு எடுத்துப் போவார்கள். தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் பேரரசரும் பிரதமரும் போரில் இறந்தோருக்கு அஞ்சலி செலுத்துவார்கள். நண்பகலில் ஒரு நிமிடம் மௌனம். ஜப்பானில் இப்போது பதினாறு தேசிய விடுமுறைகள். ஆகஸ்டு 15 அவற்றில் ஒன்று அல்ல. ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஒழிய, நாட்காட்டியில் அந்த எண் கறுப்பு மையில்தான் இருக்கும்.